வீட்டுக் கணினிக்கு வந்த பூட்டு: வட்டு மறையாக்கத்தின் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கும்? பாடக் குறிப்புகளும் தேர்வுத் தாள்களும் இருக்கும். குடும்பத்தினரின் படங்கள் இருக்கும். இவற்றோடு வேறு சிலவும் இருக்கும். மாணவர்களின் பெயர்ப்பட்டியல், மைகிட் அட்டை எண்கள், பிறப்புச் சான்றிதழ் நகல்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பெற்றோரின் வருமான விவரம், இன்ன மாணவனின் வீட்டில் இன்ன சிக்கல் என்று நாம் நம்பிக்கையோடு எழுதி வைத்த குறிப்பு ஆகியவையும் அங்கேயே கிடக்கும். கணினி நம்முடையது, அதில் உள்ளவை எல்லாம் நம்முடையவை அல்ல.

கணினியைத் தொடங்கும்போது கடவுச்சொல் கேட்கிறதே, அது போதாதா என்று சக ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. போதாது. அக்கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவலரைப் போன்றது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திவிட்டால், வாசல் வழியே நுழையாமல் பின்சுவர் வழியே நுழைந்ததாகிவிடும். எழுத்துகள் வட்டில் உள்ளபடியே இருப்பதால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். வட்டில் உள்ள எழுத்துகளையே பிறர் படிக்க இயலாதவையாக மாற்றி வைக்கும் முறைதான் வட்டு மறையாக்கம். குறியாக்கம் என்று வழங்குவாரும் உளர்.

படையினரும் அரசுகளும் மட்டுமே கையாண்ட இக்கலை, சாதாரண மனிதரின் வீட்டுக் கணினிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மொழியாசிரியர் ஒருவர் வகுத்த விதி

இவ்வரலாற்றைக் கணினிக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அகஸ்தே கெர்க்காஃப்ஸ் என்பவர் ஒரு மொழியாசிரியர். அவர் 1883-ஆம் ஆண்டு, படைத்துறை ஆய்விதழ் ஒன்றில் மறையெழுத்துக் கலை பற்றிக் கட்டுரை எழுதினார். நல்ல மறையெழுத்து முறைக்குரிய நிபந்தனைகளை அதில் அவர் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று இன்றளவும் இத்துறையின் அடிப்படை விதியாக விளங்குகிறது. முறை பகைவரின் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது. திறவுகோல் ஒன்றே மறைவாக இருந்தால் போதும் என்பதே அதன் சாரம்.

நம் வீட்டுப் பூட்டையே எடுத்துக் கொள்வோம். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பூட்டுக்கடைக்காரருக்கெல்லாம் தெரியும். ஆயினும் நம் சாவி நம்மிடம் இருக்கும்வரை வீடு பாதுகாப்பாகவே இருக்கிறது. பூட்டு செய்யப்பட்ட விதம் வெளியே தெரிந்தாலே வீடு திறந்துவிடும் என்றால், அது பூட்டே அன்று. இவ்விதியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். பின்வரும் நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் இதுவே வந்து நிற்கும்.

ஆயுதப் பட்டியலில் இருந்த கணிதம்

அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 1977-இல் 'டெஸ்' எனப்படும் மறையாக்கத் தரத்தை வெளியிட்டது. ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய முறை அது. முறை முழுவதும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. கெர்க்காஃப்ஸ் சொன்னபடி திறவுகோல் மட்டுமே மறைவு. ஆனால் அத்திறவுகோலின் நீளம் 56 பிட்டுகளே. அதாவது, இயலக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 720 கோடி கோடி. கேட்பதற்குப் பெரிய எண்தான். எனினும் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய அறிஞர்கள், போதிய பணம் இருந்தால் எல்லாத் திறவுகோல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் பொறியைக் கட்ட முடியும் என்று அப்பொழுதே எச்சரித்தனர்.

அவர்கள் சொன்னது பலித்தது. 1998-ஆம் ஆண்டு சூலை மாதம், எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேசன் என்ற அமைப்பு இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் அத்தகைய பொறி ஒன்றைக் கட்டி, 56 மணி நேரத்தில் டெஸ் முறையில் மறைக்கப்பட்ட செய்தியைத் திறந்து காட்டியது. பூட்டின் அமைப்பில் குறையில்லை. சாவி சிறிதாகிப் போனதே குறை.

இதற்கிடையே, வலிமையான மறையாக்கம் பொதுமக்கள் கைக்குப் போகலாமா என்ற வழக்கு ஒருபுறம் நடந்து கொண்டிருந்தது. அமெரிக்கச் சட்டப்படி மறையாக்க மென்பொருள் அக்காலத்தில் போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. பீரங்கியை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டுவது போல இதற்கும் உரிமம் வேண்டும். ஃபில் சிம்மர்மன் என்ற நிரலாளர் 1991-இல் 'பிஜிபி' என்னும் மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். அது இணையத்தின் வழி நாடு கடந்தது. 1993-இல் அவர்மீது குற்றவியல் விசாரணை தொடங்கியது. 1995-இல் அம்மென்பொருளின் மூலநிரல் முழுவதும் நூலாக அச்சாகி வெளிவந்தது. மென்பொருளை ஏற்றுமதி செய்வது குற்றமென்றால் நூலை ஏற்றுமதி செய்வதும் குற்றமா? இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாயில்லை. 1996-ஆம் ஆண்டு சனவரியில் விசாரணை கைவிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன.

டெஸ் முறைக்கு மாற்றாகப் புதிய தரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 1997-இல் உலகளாவிய போட்டி அறிவிக்கப்பட்டது. 15 முறைகள் களத்தில் நின்றன. உலகெங்கிலும் உள்ள கணித வல்லுநர்கள் அவற்றை வெளிப்படையாக உடைத்துப் பார்க்க முயன்றனர். இறுதியில் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரெய்மன் ஆகிய இருவர் வகுத்த முறை வென்றது. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் அது 'ஏஇஎஸ்' என்ற தரமாக வெளியாயிற்று. திறவுகோலின் நீளம் 128, 192, 256 பிட்டுகள். ஒரு பிட்டு கூடினால் திறவுகோல்களின் எண்ணிக்கை இருமடங்காகும் என்பதை எண்ணிப் பார்த்தால், 56-க்கும் 128-க்கும் உள்ள தொலைவு விளங்கும். இன்று நம் வீட்டுக் கணினியில் உள்ள பூட்டு பெரும்பாலும் இதுவே. அரசு ஆவணங்களைக் காக்கும் பூட்டும் ஏழை வீட்டுக் கணினியின் பூட்டும் ஒன்றாகிவிட்ட அதிசயம் இது.

கடிதத்திலிருந்து வட்டுக்கு

பிஜிபி முதன்மையாக மின்னஞ்சலைக் காக்க எழுந்தது. வட்டு முழுவதையும் காப்பது வேறு வேலை. இங்கே கோப்பை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறப்பது நடவாத காரியம். ஆகவே வட்டில் எழுதும்போதே மறைத்து எழுதவும், வாசிக்கும்போதே விடுவித்துக் கொடுக்கவும் ஒரு மென்பொருள் இடையில் நிற்க வேண்டும். பயனருக்கு அது நிற்பதே தெரியக் கூடாது. நெகிழ்வட்டில் ஒப்படைப்புகளைச் சேமித்த பயிற்சிக் கழக நாள்களில், நாங்கள் அறிந்த ஒரே பாதுகாப்பு உறைமேல் பெயரெழுதி ஒட்டுவதுதான். ஆனால் அதற்கு முன்பே, 1990-களில், இத்துறையில் முயற்சிகள் தொடங்கிவிட்டன. யூனிக்ஸ் கணினிகளுக்காக மேட் பிளேஸ் என்பவர் 1993-இல் மறையாக்கக் கோப்பு முறைமை ஒன்றை அறிமுகப்படுத்தினார். அப்பத்தாண்டின் இறுதியில் பால் லெ ரூ என்ற நிரலாளர், விண்டோஸ் கணினிகளுக்காக 'இ4எம்' என்பதை எழுதி மூலநிரலோடு வெளியிட்டார்.

அந்த இ4எம் நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'ட்ரூகிரிப்ட்' பிறந்தது. இலவச மென்பொருள். மூலநிரலை எவரும் பார்க்கலாம். எழுதியவர்கள் யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. வட்டில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதை ஒரு பெட்டகம் போலப் பயன்படுத்த அது வழி செய்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் பெட்டகம் ஒரு தனி வட்டைப் போலத் திரையில் தோன்றும். மூடினால் பொருளற்ற எண்களின் குவியலாகிவிடும். 2008-இல் விண்டோஸ் நிறுவப்பட்ட வட்டு முழுவதையுமே பூட்டும் வசதியும் அதில் வந்தது.

பெருநிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிள் 2003-இல் 'ஃபைல்வால்ட்' வசதியைக் கொணர்ந்தது. முதலில் பயனரின் கோப்புறையை மட்டும் மறைத்த அது, 2011-இல் முழு வட்டையும் மறைப்பதாக வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2007-இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட விண்டோஸ் விஸ்டாவில் 'பிட்லாக்கர்' இருந்தது. ஆனால் விலையுயர்ந்த பதிப்புகளில் மட்டுமே அது கிடைத்தது. கடைகளில் விற்ற சாதாரண வீட்டுப் பதிப்புகளில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியதால்தான் ட்ரூகிரிப்ட் அவ்வளவு பரவியது.

இவை யாவும் ஏறக்குறைய ஒரே முறையில் இயங்குகின்றன. வட்டை மறைப்பது நம் கடவுச்சொல் அன்று. கணினி தற்செயலாக உருவாக்கும் நீண்ட தலைமைத் திறவுகோல் ஒன்றே அதை மறைக்கிறது. நம் கடவுச்சொல் அந்தத் தலைமைத் திறவுகோலை வைத்துப் பூட்டும் சிறு பேழைக்குத் திறவுகோல். கடவுச்சொல்லை மாற்றும்போது வட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டாமல் போவது இதனால்தான். அந்தப் பேழை பழுதானால் வட்டு முழுவதும் வீணாவதும் இதனால்தான்.

ஒரு வீட்டுத் திருட்டும் இரண்டு குறுவட்டுகளும்

2006-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அவ்வீட்டார் முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஊழியர். அலுவலகத் தரவுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்து வந்தவர். திருடர்கள் எடுத்துச் சென்றவற்றுள் ஒரு மடிக்கணினியும் ஒரு வெளிப்புற வன்தட்டும் இருந்தன. அவற்றில் 2 கோடியே 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை மறையாக்கம் இன்றிக் கிடந்தன. அவ்வாண்டு சூன் இறுதியில் அவை மீட்கப்பட்டன. தரவுகள் திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று புலனாய்வுத் துறை கூறியது. ஆயினும் வழக்கு நடந்து, 2009-இல் 2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு அரசு இணங்கியது. நடுவண் அலுவலகங்களின் கையடக்கக் கணினிகளில் உள்ள முக்கியத் தரவுகளை மறையாக்கம் செய்யுமாறு 2006 சூன் மாதத்திலேயே அறிவுறுத்தலும் வந்தது.

அடுத்த ஆண்டு பிரிட்டனில் இதனினும் பெரிய அதிர்ச்சி. வரித்துறையினர் குழந்தைகள் உதவித்தொகைப் பதிவேட்டை இரண்டு குறுவட்டுகளில் பதிந்து, 2007 அக்டோபரில் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பினர். அவை போய்ச் சேரவேயில்லை. 2 கோடியே 50 இலட்சம் பேரின் விவரங்கள், குழந்தைகளின் பெயர்களும் பெற்றோரின் வங்கிக் கணக்குகளும் உட்பட, அவற்றில் இருந்தன. குறுவட்டுகளுக்குக் கடவுச்சொல் இருந்தது, மறையாக்கம் இல்லை. துறைத் தலைவர் பதவி விலகினார்.

ஆசிரியப் பெருமக்களே, இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கணினி வல்லுநரான கயவர் எவரும் இல்லை. முதலாவதில் இருந்தவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஓர் ஊழியர். இரண்டாவதில் இருந்தவர்கள் ஓர் உறையை அஞ்சலில் சேர்த்த ஊழியர்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்? மதிப்பெண் பட்டியலை விரலியில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பாதவர் நம்மில் எத்தனை பேர்?

ட்ரூகிரிப்ட் மறைந்த நாள்

2014-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், ட்ரூகிரிப்ட் தளத்துக்குச் சென்றவர்கள் திகைத்தனர். இம்மென்பொருளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று, இதன் பணி நிறுத்தப்பட்டுவிட்டது, பிட்லாக்கருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு மட்டுமே அங்கிருந்தது. புதிதாக வந்த பதிப்போ பூட்டைத் திறக்க மட்டுமே உதவியது. புதிதாகப் பூட்ட உதவவில்லை. பத்தாண்டுகள் மக்கள் நம்பிய பூட்டைச் செய்தவர்கள், பெயரும் சொல்லாமல் காரணமும் விளக்காமல் கடையைச் சாத்திவிட்டனர்.

ஐயம் பரவியது இயல்பே. உளவு நிறுவனங்களின் கண்காணிப்பைப் பற்றி எட்வர்டு சுநோடன் 2013-இல் வெளிப்படுத்தியிருந்த காலம் அது. ஆயினும் இங்கேதான் கெர்க்காஃப்சின் விதி கைகொடுத்தது. செய்தவர் மறைந்தாலும் மூலநிரல் மறையவில்லை. மேத்யூ கிரீன், கென்னத் ஒயிட் ஆகியோர் 2013-இலேயே பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்நிரலைத் தணிக்கை செய்யும் பணியைத் தொடங்கியிருந்தனர். பணி இடையில் நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கை, வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளவழி எதற்கும் சான்று இல்லை என்று தெரிவித்தது. சில குறைகளையும் சுட்டிக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில், விண்டோஸ் தொடர்பான இரண்டு கடுமையான ஓட்டைகளைக் கூகுள் ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்தார். கைவிடப்பட்ட மென்பொருள் ஆகையால் அவற்றை அடைப்பாரில்லை.

பிரான்சில் மௌனிர் இத்ராசி என்பவர் அதே நிரலை எடுத்து 2013-இல் தொடங்கியிருந்த 'வெராகிரிப்ட்', அவ்வோட்டைகளை அடைத்தது. கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை வடிக்கும் கணக்கை ட்ரூகிரிப்ட் ஓராயிரம், ஈராயிரம் முறை திருப்பிச் செய்தது. வெராகிரிப்ட் அதைப் பல இலட்சமாக உயர்த்தியது. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு முயற்சியும் அத்தனை மடங்கு சுமையாகும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இ4எம் எழுதிய பால் லெ ரூ பிற்காலத்தில் பன்னாட்டுக் குற்றக் கும்பலின் தலைவராகி, 2012-இல் கைதாகி, 2020-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் விதைத்த நிரலின் வழிவந்த பூட்டை இன்று நேர்மையாளர் பலர் நம்பிப் பயன்படுத்துகின்றனர். அது தவறா? தவறன்று. பலர் திறந்து பார்த்துச் சோதித்த பூட்டு, செய்தவரின் நற்சான்றிதழை நம்பி நிற்பதில்லை.

பூட்டு தானே வந்துவிட்ட காலம்

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழி நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வீட்டுப் பதிப்பாயினும் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. பலருக்குத் தம் கணினி பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. கணினியின் உள்ளுறுப்பு ஒன்று மாறி, திடீரென 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் திரை கேட்கும்போதுதான் விழிக்கின்றனர். அது அவர்களின் இணையக் கணக்கில் இருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல் மறந்து போயிருந்தால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் முதல் யாவும் போனதுதான். அன்று பூட்டு இல்லாததால் இழந்தோம். இன்று சாவியைப் பேணாததால் இழக்கிறோம்.

பூட்டின் எல்லையையும் அறிய வேண்டும். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நினைவகத்தில் திறவுகோல் சிறிது நேரம் எஞ்சியிருப்பதைக் காட்டினர். நினைவகத்தைக் குளிர்வித்தால் அது மேலும் நீண்ட நேரம் நிலைக்கும். கணினி இயங்கும்போதோ உறங்கும் நிலையில் இருக்கும்போதோ பூட்டு திறந்தே இருக்கிறது என்பதே இதன் பாடம். நச்சுநிரலிலிருந்தும் போலி மின்னஞ்சலிலிருந்தும் வட்டு மறையாக்கம் நம்மைக் காக்காது.

நாம் செய்யத்தக்கவை

1. உங்கள் கணினியில் மறையாக்கம் இயங்குகிறதா என்று அமைப்புகள் பகுதியில் பாருங்கள். மேக் கணினியில் ஃபைல்வால்ட்டை இயக்குங்கள். இவ்வசதி இல்லாத கணினியில் வெராகிரிப்ட் பெட்டகம் ஒன்றை உருவாக்கி, மாணவர் தொடர்பான கோப்புகளை அதனுள் வையுங்கள்.

2. மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி அல்லது அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினிப் பையிலேயே வைப்பது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போலாகும்.

3. மறையாக்கத்துக்கு முன் முக்கியக் கோப்புகளை நகலெடுங்கள். அந்த நகலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

4. மாணவர் விவரம் ஏற்றிய விரலியையும் பூட்டுங்கள். வேலை முடிந்ததும் விவரங்களை நீக்குங்கள்.

5. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல் அமையுங்கள். விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் செல்லும்போது கணினியை முழுமையாக நிறுத்திவிடுங்கள்.

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால் கூட்டரசும் மாநில அரசுகளும் அதன் வரம்புக்கு உட்பட்டவை அல்ல. சட்டம் கேட்காத இடத்திலும் கேட்கும் ஒன்று உண்டு. அது நம் மனச்சான்று. ஒரு தாய் தன் வருமானத்தைத் தயங்கித் தயங்கி நம்மிடம் சொல்கிறாள் என்றால், அது நம் வன்தட்டை நம்பி அன்று, நம்மை நம்பி.

திருக்குறளில் 'அரண்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அரணின் உயரம், அகலம், திண்மை எல்லாம் சொல்லி வரும் வள்ளுவர், அவ்வதிகாரத்தை முடிக்கும்போது, எத்தனை மாட்சி உடையதாயினும், செயற்சிறப்பு இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே என்னும் கருத்தைச் சொல்லி முடிக்கிறார். கணித வல்லுநர்களும் நிரலாளர்களும் வழக்காடியவர்களும் சேர்ந்து நமக்கு அரண் கட்டித் தந்துவிட்டனர். அதன் திறவுகோலைப் பேணும் பொறுப்பு நம்முடையது.